நடிக்கிறாள் என்று சொன்ன வாய்

ஹட் பேக்கோ கேம்பல் பேக்கோ கப்பலேறிப் போன யாருக்கும் இந்தக் காட்சி புதிதில்லை. கடல் முரண்டு பிடிக்கிறது. பங்க்கில் படுத்திருந்த பிள்ளை முகம் வெளுத்து எழுந்து உட்காருகிறது. அடுத்த நொடி வாந்தி. அம்மா முதுகைத் தடவிக்கொடுக்கிறாள், அப்பா பையில் எலுமிச்சம்பழம் தேடுகிறார். பக்கத்து பங்க்கில் இருக்கும் முன்பின் தெரியாத பாட்டி, வங்காளத்திலோ தெலுங்கிலோ, படுத்துக்கொள், கண்ணை மூடிக்கொள், சரியாகிவிடும் என்கிறாள். கப்பலில் ஒருவர்கூட அந்தப் பிள்ளையைப் பார்த்து “நடிக்காதே” என்று சொல்வதில்லை.

அதே பிள்ளை திங்கட்கிழமை காலை, யூனிஃபார்ம் போட்டு, ஷூ மாட்டி, வாசற்படியில் நின்று வாந்தி எடுத்தால் என்ன சொல்கிறோம்?

நான் சொன்னதைச் சொல்கிறேன். “நடிக்கிறா. ஹோம்வொர்க் முடிச்சிருக்க மாட்டா.” என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. அவள் காதில் விழும்படிதான் சொன்னேன். வாயைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு தடவை பார்த்தாள். அதற்குப் பிறகு எட்டு மாதம் அவள் என்னிடம் எதையும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருப்பாள்.

சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் இந்த அந்தமான் நிகோபார் தீவுகளில் பிள்ளை வளர்க்கும் உங்களிடம் இன்றைக்குக் கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகிறேன். கோபம் வந்தால் வரட்டும். படித்து முடித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

அந்த எட்டு மாதத்தில் நாங்கள் சும்மா இருக்கவில்லை. வயிற்று வலிக்கு ரத்தம் பார்த்தோம், ஸ்கேன் எடுத்தோம், பூச்சி மருந்து கொடுத்தோம், கண் டாக்டரிடம்கூடக் காட்டினோம். எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். “நார்மல்” என்ற சொல் என் காதில் “பொய்” என்று விழுந்தது. உடம்பில் ஒன்றும் இல்லையென்றால் பெண் பொய் சொல்கிறாள் என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் நினைத்தேன். பரமக்குடியிலிருந்து என் மாமியார் போனில் சொன்னார்: “பிள்ளை எதையோ பாத்துப் பயந்திருக்கா. திருநீறு மந்திரிச்சுப் போடு.” படித்தவள் என்ற மிதப்பில் எனக்குச் சிரிப்பு வந்தது. இன்று யோசித்தால், அந்த எட்டு மாதத்தில் நோயின் பெயரைச் சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். பயம். அவர் சொன்ன வைத்தியம் பாதியில் நின்றது, அவ்வளவுதான். நாங்கள் பாதிவரைகூடப் போகவில்லை.

நம் மொழிக்கு இது புது விஷயமும் அல்ல. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அச்சத்தை வைத்திருக்கிறது. மெய்ப்பாடு என்றாலே மெய்யில் படுவது, அதாவது உடம்பில் தெரிவது. அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது அந்த நூல்: அணங்கு, விலங்கு, கள்வர், நம்மை ஆளும் இறை. பேயையும் புலியையும் திருடனையும் விடுங்கள். நம் பிள்ளைகளை ஆளும் இறை யார்? வகுப்பில் ஆசிரியர், வீட்டில் நாம்.

கடைசியில் ஒரு டாக்டர், ரிப்போர்ட்டுகளை மூடி வைத்துவிட்டு, என்னை வெளியே உட்காரச் சொன்னார். பத்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டார். விஷயம் இதுதான். ஜூன் மாதத்தில் ஒருநாள் இந்தி வகுப்பில் என் மகளை எழுந்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சொல்லில் நாக்குத் தடுமாறிவிட்டது. நான்கு பையன்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து யாரை வாசிக்கச் சொன்னாலும், தன் முறை வர இன்னும் எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்திருக்கிறாள். தனக்கு எந்தப் பத்தி விழும் என்று கணக்குப் போட்டு, அதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு எப்படித் தெரியும்? பிறகு ஞாயிறு சாயங்காலமே வயிறு பிசைய ஆரம்பித்தது. பிறகு சனிக்கிழமையே. இதற்குப் பதற்றக் கோளாறு என்று பெயர், அவளுக்கு வந்திருப்பது சமூகப் பதற்றம் என்றார் டாக்டர். நான் கைக்குட்டையைத் தேடினேன்.

பயம் நோயல்ல. தேர்வுக்கு முன் படபடப்பதும், இருட்டில் அம்மாவைத் தேடுவதும், கடல் சீறும்போது கப்பலேறத் தயங்குவதும் பயத்தின் சரியான வேலைகள். ஆனால் காரணம் போன பின்னும் பயம் போகாமல் இருந்தால், காரணத்துக்குப் பொருந்தாத அளவு பெரிதானால், வாரக்கணக்கில் மாதக்கணக்கில் நீடித்துச் சாப்பாட்டையும் தூக்கத்தையும் பள்ளிக்கூடத்தையும் விளையாட்டையும் பறித்துக்கொண்டால், அது கோளாறு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் உலகத்தில் 30.1 கோடிப் பேருக்குப் பதற்றக் கோளாறு இருந்தது. அவர்களில் 5.8 கோடிப் பேர் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும். நம் நாட்டில் பெங்களூருவின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர். உங்கள் பிள்ளையின் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று பேர் யார் என்று ஆசிரியருக்குத் தெரியுமா? அதில் ஒன்று உங்களுடையது என்றால் உங்களுக்குத் தெரியுமா?

தெரியாது. ஏனென்றால் அந்த நோய்க்கு நாம் வேறு பெயர்கள் வைத்திருக்கிறோம்.

அம்மா கடைக்குப் போனால்கூட வாசலில் நின்று அழும் எட்டு வயதுப் பையன். அம்மா திரும்பி வரமாட்டாள், வழியில் ஏதாவது ஆகிவிடும் என்று அவன் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நாம் வைத்த பெயர் “செல்லம்.” டாக்டர்கள் பிரிவுப் பதற்றம் என்கிறார்கள். வீட்டில் வாய் ஓயாமல் பேசி, பள்ளியில் மாதக்கணக்கில் ஒரு சொல் பேசாத சிறுமி. நாம் வைத்த பெயர் “ஊமைக் கோட்டான்.” அவளுக்குப் பேச மனமில்லாமல் இல்லை, தொண்டை அடைத்துக்கொள்கிறது. மார்க் போய்விடுமோ, அப்பாவுக்கு வேலை போய்விடுமோ, பாட்டி செத்துவிடுவாளோ என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் கண் விழித்துக் கிடக்கும் பெண். நாம் வைத்த பெயர் “பெரிய மனுஷி.” மாதக்கணக்கில் எல்லாவற்றையும் பற்றிக் கவலைப்பட்டே களைத்துப் போவது பொதுவான பதற்றக் கோளாறு. திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்து, சாகப்போகிறேன் என்று கத்தும் பதினாறு வயதுப் பையன். நாம் வைத்த பெயர் “பேய் பிடிச்சிருக்கு”, அல்லது “போன் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போனான்.” அது பீதித் தாக்கு. சில நிமிடங்களில் உச்சிக்கு ஏறித் தானாக இறங்கும். உயிரை எடுக்காது. ஆனால் அடுத்தது எப்போது வருமோ என்ற பயம் அவன் நாட்களை எடுத்துவிடும்.

இன்னும் ஒரு வகையைச் சொல்லாமல் விட முடியாது, அது நல்ல பிள்ளை வகை. நோட்டில் ஓர் எழுத்துக் கோணலானால் பக்கத்தையே கிழித்துத் திரும்ப எழுதும். “அம்மா, நான் சரியாச் செஞ்சேனா? நிஜமா? கோபம் இல்லையே?” என்று ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்கும். இந்தப் பிள்ளையைக் காட்டி மற்ற பிள்ளைகளைத் திட்டுகிறோம். “அவளப் பாரு, எவ்வளவு பொறுப்பு!” அந்தப் பொறுப்பின் உள்ளே அவள் ராத்திரி பல்லைக் கடித்துக்கொண்டு தூங்குவது நமக்குத் தெரியவில்லை.

வயிற்று வலி பொய்யில்லை என்பதையும் மண்டையில் ஏற்றிக்கொள்வோம். ஆபத்து என்று மூளை நினைத்த மாத்திரத்தில் உடம்பு ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகிறது. அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. ரத்தம் குடலை விட்டுக் கை கால் தசைகளுக்குப் பாய்கிறது, அதனால்தான் வயிறு பிசைகிறது, குமட்டுகிறது. வேகவேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால்தான் தலை சுற்றுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. புலி எதிரே வந்தால் வரவேண்டிய அத்தனையும் இந்திப் புத்தகத்தின் ஒரு பத்திக்கு வருகிறது. ஸ்கேனில் தெரியாது. வலி வலிதான். கப்பல் ஆடும்போது வரும் வாந்தியும் எந்த ஸ்கேனிலும் தெரியாதே, அதை மட்டும் எப்படி நம்பினோம்?

இனி நம் தப்புகளுக்கு வருகிறேன். இரண்டு தப்பு செய்கிறோம். பெரும்பாலும் ஒரே வீட்டில் இரண்டும் நடக்கிறது.

முதல் தப்பு விரட்டுவது. “உன் வயசுல நான் நாலு மைல் நடந்து போனேன்” என்பது, பெல்ட்டைக் காட்டுவது, சொந்தக்காரர்கள் நடுவில் நிறுத்தி “எல்லாருக்கும் ஒரு ரைம்ஸ் சொல்லு” என்று தள்ளுவது, சொல்லாவிட்டால் முறைப்பது. பயத்தின் மேல் அவமானத்தையும் ஏற்றுகிறோம். பிள்ளைக்கு இப்போது வகுப்பும் பயம், வீடும் பயம். எங்கள் வீட்டில் இந்த வேலையைச் செய்தது நான்.

இரண்டாவது தப்பு அன்பின் பெயரால் நடப்பது, அதனால் கண்டுபிடிக்கவே முடியாது. என் கணவர் அதைச் செய்தார். பெண் அழுதால் லீவ் லெட்டர் எழுதிக்கொடுத்தார். “அவளை வாசிக்கச் சொல்லாதீங்க” என்று டீச்சரிடம் போய்ச் சொன்னார். ஓட்டலில் அவளுக்காக அவரே ஆர்டர் சொன்னார். யாராவது வந்தால் அவள் அறைக் கதவைச் சாத்தினார். ஒவ்வொரு முறையும் அவள் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவுதான் பொறி. தப்பித்தோம் என்று தெரிந்தவுடன் மூளை ஒரு பாடம் படிக்கிறது: “அது நிஜமாகவே ஆபத்து. ஓடிவந்ததால்தான் பிழைத்தேன்.” அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வரும், இன்னும் பெரிதாக வரும். இந்தி வகுப்பு போய், இந்தி டீச்சர் நடக்கும் வராந்தா போய், பள்ளிக்கூடமே போனது. ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று நாளுக்கு இருபது தடவை நாம் சொல்லும் சமாதானமும் இதே கணக்குத்தான். அடுத்த தடவை பிள்ளைக்கு இருபத்தொன்று தேவைப்படும்.

இதில் நம் பங்கு எவ்வளவு என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்ற உளவியலாளரின் குழு, பதற்றக் கோளாறு உள்ள 124 பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. ஒரு பாதிப் பிள்ளைகளுக்கு வழக்கமான பேச்சுவழிச் சிகிச்சை. மறு பாதியில் பிள்ளைகளுக்குச் சிகிச்சையே இல்லை, அவர்களுடைய பெற்றோருக்கு மட்டும் 12 வாரம் பயிற்சி. பிள்ளையின் பயத்துக்கு வளைந்துகொடுப்பதை எப்படிக் குறைப்பது, அதே நேரம் “உன் பயம் எனக்குப் புரிகிறது, உன்னால் தாங்க முடியும் என்றும் தெரியும்” என்று எப்படிச் சொல்வது என்பதுதான் பயிற்சி. 2020இல் அச்சான முடிவு: இரண்டு பக்கமும் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். நாம் மாறினால் பிள்ளை தேறுகிறது. இதைப் படித்தபோது எனக்கு நிம்மதி வந்தது. கூடவே, எட்டு மாதம் முன்னால் தொடங்கியிருக்கலாமே என்ற எரிச்சலும் வந்தது.

அடுத்தது சொல்லக் கஷ்டமானது. நம்மில் பலர் பயத்தைச் சுமந்துகொண்டுதான் பிள்ளை பெற்றோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி வாக்கில் நிலம் ஆடியபோது எனக்குப் பதினேழு வயது. போர்ட் பிளேரில் இருந்தோம். அரசு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிய பின்பும் எங்கள் வாயில் அது போர்ட் பிளேர்தான். நின்றிருந்த தரை ஓடியது எனக்கு இன்னும் காலில் இருக்கிறது. இன்றும் கட்டில் லேசாக அசைந்தால் நான் எழுந்துவிடுவேன். நாம் இருப்பது நாட்டில் நிலநடுக்க அபாயம் மிகுந்த மண்டலம், வாசலருகே தண்ணீர், டார்ச், பத்திரங்களோடு ஒரு பை வைத்திருப்பது புத்திசாலித்தனம். ஆனால் ராத்திரி மூன்று தடவை எழுந்து அந்தப் பையைத் தொட்டுப் பார்த்தேன் நான். என் மகள் தூங்குவதாக நினைத்துக்கொண்டு. ஒவ்வொரு அசைவுக்கும் என் முகம் எப்படி மாறியது என்று பார்த்துத்தான் அவள் உலகத்தைப் படித்திருக்கிறாள்.

அந்த நிலநடுக்கத்தோடு வந்த சுனாமிக்குப் பின் நிம்ஹான்ஸிலிருந்து மனநல மருத்துவர்கள் நம் முகாம்களுக்கு வந்தார்கள். பின்னர் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், இருந்த இடத்தை விட்டுப் பெயர்ந்தவர்களில் 5.2 சதவீதம் பேருக்கும், பெயராதவர்களில் 2.8 சதவீதம் பேருக்கும் மனநலப் பாதிப்பு இருந்தது. பெயர்ந்தவர்களைப் பிடித்தவற்றில் பீதிக் கோளாறும் மற்றப் பதற்றக் கோளாறுகளும், உடம்பில் காரணம் காண முடியாத வலிகளும் இருந்தன. கடல் எழுந்து ஊருக்குள் வந்த பின்னும் பெரும்பாலான மனிதர்கள் தாங்கி நின்றார்கள் என்பது இந்த எண்களில் எனக்கு ஆறுதல். வேரோடு பெயர்ந்தவர்களுக்குப் பாரம் கூடியது என்பது எச்சரிக்கை.

இந்த எச்சரிக்கையைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் ஒன்று கேட்கிறேன். “மெயின்லேண்ட் ஹாஸ்டல்ல போட்டா எல்லாம் சரியாயிடும்” என்கிறோமே, யாருக்குச் சரியாகும்? வீட்டிலேயே பேச முடியாமல் திணறும் பதினைந்து வயதுப் பிள்ளையை, மூன்று நாள் கப்பல் தூரத்தில், ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், நீட் கோச்சிங்குக்காக விட்டுவிட்டு வருகிறோம். தைரியமாகப் போகிற பிள்ளை போகட்டும், போகத்தான் வேண்டும். நான் சொல்வது பயத்தில் இருக்கும் பிள்ளையைப் பற்றி. காய்ச்சல் அடிக்கிற பிள்ளையை நடுக்கடலுக்கு அனுப்புவோமா? முதலில் காய்ச்சலைப் பார்ப்போம் அல்லவா?

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? பதற்றம் தனியாக இருப்பதில்லை. வருடங்கள் போகப்போக மனச்சோர்வைக் கூட்டி வரும், சிலருக்குக் குடியைக் கூட்டி வரும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில், அந்தமான் நிகோபாரில் லட்சம் பேருக்கு 42.8 தற்கொலைகள். நாட்டின் சராசரி 12.4. இதற்குக் காரணங்கள் பல. ஆனால் மூன்று மடங்குக்கு மேல் கூடிய இந்த எண்ணைத் தெரிந்துகொண்ட பின்னும் “எல்லாம் வயசுக் கோளாறு” என்று ஒரு தாயோ தகப்பனோ சொன்னால் அதை என்னால் மன்னிக்க முடியாது. உங்கள் பிள்ளை வாழப் பிடிக்கவில்லை என்று விளையாட்டாகச் சொன்னால்கூட அன்றைக்கே அழைத்துப் போங்கள். மறுநாள்வரை காத்திருக்காதீர்கள்.

எங்கே போவது என்பீர்கள். போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போகிறவர்களைப் பார்த்து “பைத்தியமா?” என்று கேட்கும் நாக்கு நம்முடையதுதான், அதை முதலில் அடக்குவோம். டிக்லிபூரிலோ காட்சாலிலோ கேம்பல் பேயிலோ இருக்கிறவர்களுக்கு அது தொலைவு. அவர்களுக்கு டெலி மானஸ் இருக்கிறது. 2022 அக்டோபர் 10ஆம் தேதி மத்திய அரசு தொடங்கிய இலவச மனநலத் தொலைபேசிச் சேவை. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டருக்குக் கேபிள் போட்டு 2020இல் நம் தீவுகளை இணைத்தார்கள். பிள்ளை ரீல்ஸ் பார்க்கிறான் என்று தினமும் அந்தக் கேபிளைத் திட்டுகிறோம். அதே கேபிள் வழியாகச் சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்கும் மருத்துவரின் முகத்தைப் பார்த்து அவன் பேச முடியும் என்று எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்?

வைத்தியம் உண்டு, நன்றாகவே வேலை செய்கிறது. 7 முதல் 17 வயதுவரை உள்ள 488 பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் நடந்து 2008இல் வெளியான பெரிய ஆய்வில், எண்ணத்தையும் நடத்தையையும் மெல்ல மாற்றிப் பழக்கும் சி.பி.டி. சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் 12 வாரத்தில் நன்றாகத் தேறினார்கள். செர்ட்ரலின் மருந்து மட்டும் பெற்றவர்களில் 55. இரண்டும் சேர்ந்தால் 81. வெறும் போலி மாத்திரைக்கு 24. எந்தப் பிள்ளைக்கு மருந்து தேவை, எதற்குப் பேச்சே போதும் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் “தூக்கத்துக்கு ஒண்ணு குடுங்க” என்று அல்பிரசோலம் வாங்கிப் பிள்ளைக்குக் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பழக்கமாகிவிடும் மருந்து அது. கோயிலில் திருநீறு போடுங்கள், பள்ளிவாசலில் ஓதிய தண்ணீர் கொடுங்கள், தேவாலயத்தில் ஜெபியுங்கள். பிள்ளைக்கு ஆறுதல் கிடைத்தால் நல்லது. அதோடு நின்றுவிடாதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

என் மகள் எப்படி மீண்டாள் என்று சொல்கிறேன், ஏனென்றால் அதில் அதிசயம் எதுவும் இல்லை. மருத்துவர் ஒரு தாளில் ஏணி வரையச் சொன்னார். கீழ்ப்படியில் குறைந்த பயம், மேல்படியில் இந்தி வகுப்பு. முதல் வாரம் எனக்கு மட்டும் ஒரு பக்கம் வாசித்தாள். அடுத்து பரமக்குடிப் பாட்டிக்குப் போனில் தமிழில் ஒரு கதை வாசித்தாள். பாட்டி நடுநடுவே “ம்” கொட்டினார். பிறகு கீழ்வீட்டு வங்காள அக்காவுக்கு இந்தியில் நாலு வரி. பிறகு ஆசிரியர் அறையில் டீச்சருக்கு மட்டும். அந்த டீச்சர் செய்த உதவியை என் ஆயுளுக்கும் மறக்கமாட்டேன், ஒரு தடவைகூடத் திருத்தவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். பிறகு இரண்டு தோழிகள் முன்னால். ஒவ்வொரு படியிலும் கை நடுங்கியது. நடுக்கம் நிற்கட்டும், பிறகு ஏறலாம் என்று நாங்கள் காத்திருக்கவில்லை. நடுங்கிக்கொண்டே ஏறினாள், ஏறிய பிறகு நடுக்கம் குறைந்தது. நான்காம் படியில் ஒரு மாதம் மாட்டிக்கொண்டாள். ஒருநாள் கீழே இறங்கியும் வந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு கூட நின்றேன். பிள்ளை வளர்ப்பில் எனக்கு அதைவிடக் கஷ்டமான வேலை வாய்த்ததில்லை.

அப்போதுதான் புரிந்தது, இந்த வைத்தியம் நமக்கு ஏற்கெனவே தெரியும். கப்பலில் வாந்தி எடுத்த பிள்ளையை நாம் அடிக்கவில்லை. அதற்காகக் கப்பல் பயணத்தை விட்டுவிடவும் இல்லை. தீவில் இருந்துகொண்டு கப்பலேற மாட்டேன் என்றால் எப்படி வாழ்வது? படுக்க வைத்தோம், எலுமிச்சை கொடுத்தோம், டெக்குக்குக் கூட்டிப் போய்த் தொடுவானத்தைக் காட்டினோம், கையை விடாமல் பிடித்துக்கொண்டோம். மூன்றாவது பயணத்தில் அதே பிள்ளை டெக்கில் ஓடி விளையாடியது. கடலில் நமக்குத் தெரிந்த இந்தப் பொறுமை பள்ளிக்கூட வாசலில் எங்கே போனது?

மகள் இப்போது பத்தாம் வகுப்பு. பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். தேர்வு நாள் காலையில் அவள் கை இன்னும் சில்லென்று இருக்கும். “பயமா இருக்கா?” என்று கேட்பேன். “இருக்கும்மா” என்பாள். “சரி, வா” என்பேன். இருவரும் நடப்போம். வாசலில் கையை அவளே உருவிக்கொண்டு உள்ளே போவாள். சில நாள் திரும்பிப் பார்ப்பாள், சில நாள் பார்ப்பதில்லை.

பெற்றோர்களே, ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பலில் ஒரு பங்க் டிக்கெட்டுக்காக விடியும் முன்னே போய் மணிக்கணக்கில் நிற்கிறோம். கவுண்டர் திறக்கவில்லை என்று யாரும் வீட்டுக்குத் திரும்புவதில்லை. இன்று ராத்திரி விளக்கை அணைத்த பின், உங்கள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “உனக்கு எதைப் பாத்துப் பயமா இருக்கு?” உடனே பதில் வராது. “ஒண்ணுமில்லை” என்று திரும்பிப் படுத்துக்கொள்ளும். எழுந்து போய்விடாதீர்கள். டிக்கெட்டுக்கு நிற்கிற மாதிரி நில்லுங்கள்.